கருவாட்டுக் கை

வண்ணமீன் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி நாலு பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன்தான், எழுத்துப் பிழை இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் வண்ணமீன் கடை என்று ஒன்றுமே இல்லாத காலத்தில் முதல் கடையைத் திறந்தவன் நான். "துன்ற மீனு விக்கிற ஊர்ல, பாக்கற மீன எவன் மாமு வாங்குவான்?" என்று என் சொந்த மச்சானே சிரித்தான். ஜன்னல் கண்ணாடி வெட்டுகிற கடை வாசலில் நின்று நின்று, பார்த்தே வெட்டக் கற்றேன். நான் ஒட்டிய முதல் தொட்டி மூன்றாம் நாளே மூலை பிரிந்து வீட்டை நனைத்தது. இரண்டாவது தொட்டி கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் இன்றைக்கும் சொட்டு ஒழுகாமல் நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பழைய இரும்புக் கடையில் ஆங்கிள் பொறுக்கி நானே வெல்டிங் வைத்து நாற்பது தொட்டிக்கு அடுக்கு செய்தேன். பஞ்சர் கடைக்காரன் கழித்துப் போட்ட கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டி, ஒரே குழாயில் நாற்பதுக்கும் காற்று கொடுத்தேன். லாரித் தண்ணீரை இரண்டு நாள் டிரம்மில் வெயில் காட்டி வைக்காமல் ஒரு மீனையும் விட்டதில்லை. மொட்டை மாடியில் கருப்பு மோலி குட்டி போட வைத்தேன். கல்யாண மண்டபத்தில் பதினாறு அடிச் சுவர்த்தொட்டி கட்டியவனும் நான்தான். ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் மாப்பிள்ளை பெண்ணோடு ஒரு போட்டோ எடுத்தால் அந்தத் தொட்டியோடு நாலு எடுக்கிறார்கள்.

இதையெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் இதற்கு அரைப் பக்கம் போதும். மிச்ச இடத்தில் ஒரு பொம்பளையைப் பற்றி எழுதப்போகிறேன். பேர் எழுத மாட்டேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

ஆறு கடலில் சேருகிற இடத்து மீனவக் குப்பம் நெட்டுக்குப்பம், அந்த ஊர்க்காரி. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். நான் யக்கா என்று கூப்பிடுவேன், அவள் என்னை நைனா என்பாள். காலையில் கூடையில் மீன் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்பாள். ஆற்று முகத்தில் பிடிப்பு குறையக் குறைய கூடையும் குறைந்தது. பிறகு சாயங்காலம் மார்க்கெட் ஓரமாகக் கோணி விரித்துக் கருவாடு விற்க உட்கார்ந்தாள்.

ஒருநாள் விடியலில் நான் ஷட்டரைத் தூக்குகிறேன். கூடையோடு போனவள் நின்றாள். கடையின் முன்தொட்டியில் கண்ணாடிக்கு மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

"நைனா, இதுல எத்தினி கீது?"

"பதினெட்டு. இன்னாத்துக்கு, வாங்கப் போறியா?"

"வாங்கி இன்னா, கொயம்பு வெக்கவா? செவுளப் பாரு. அல்லாம் ஒரே அடியா அடிச்சிகினு கீது."

"நல்லாத்தான் நீந்துது. போய் யாவாரத்தப் பாரு யக்கா."

"நீந்தலபா. மேல வந்து வந்து காத்து குடிச்சிட்டுப் பூடுது. ஒரு எட்ட எடுத்து வேற தண்ணில வுடு. நீ எடுக்கலனா அதுவே எடுத்துக்கும்."

இரண்டு நாளில் ஏழு மீன் செத்து மிதந்தது. அவள் சொன்னது எட்டு, செத்தது ஏழுதான் என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். அன்றைக்கு மாலையே எட்டாவதும் போனது. மிச்சம் பத்தும் அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தன.

"கரிநாக்குக்காரி, உள்ள வுடாதீங்க" என்றாள் என் வீட்டுக்காரி. நாக்கில் ஒன்றுமில்லை, கண்ணில்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் கடை வைத்திருக்கும் இடத்தில் எனக்குத் தெரியாததை ஒருத்தி தெரிந்து வைத்திருப்பது பிடிக்கவில்லை. ஆனால் வெளியே விட்டால் வேறு எவனாவது கூப்பிட்டுக்கொள்வான். நானே கூப்பிட்டேன். என்னிடம் தொட்டி வாங்கிய வீடுகளில் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றித் தொட்டி கழுவுகிற வேலை. காலையில் அது, சாயங்காலம் கருவாடு.

ஒரு தொட்டியில் மீன் அதிகமா இல்லையா என்று இன்றைக்கு ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். அப்போது நான் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிச் சொல்வேன். அவளுக்குப் பெருக்கலும் தெரியாது, லிட்டரும் தெரியாது. விடிவதற்கு முன்னால், தொட்டியின் விளக்கைப் போடுவதற்கு முன்னால் வந்து உட்கார வேண்டும் என்பாள். "ராவெல்லாம் அத்தினியும் அதே தண்ணில மூச்சு வுட்டுகினு இருந்துக்கீது. காலீலதான் மிச்சம் இன்னா கீதுன்னு தெரியும். நீ பகல்ல லைட்டப் போட்டு, மோட்டார வுட்டு, மினுக்கிப் பாத்தா அல்லாம் சோக்காத்தான் இருக்கும்."

குந்தி உட்கார்ந்து தன் மூச்சை மெதுவாக இழுத்து விடுவாள். அந்த ஒரு மூச்சுக்குள் மீனின் செவுள் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணுவாள். மோலிக்கு ஒரு எண்ணிக்கை, ஏஞ்சலுக்கு ஒரு எண்ணிக்கை, கோல்டு மீனுக்கு ஒன்று. எல்லாம் மனசில் இருந்தது. "ஒண்ணு மட்டும் மூச்சு வாங்குனா அதுக்கு நோவு. அல்லாம் மூச்சு வாங்குனா தொட்டில கும்பல்" என்பாள். அப்புறம் மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கிறதே என்று நான் சொன்னால், "தெளிஞ்ச தண்ணி செத்த தண்ணியாக்கூட இருக்கும் நைனா" என்று மூடியைப் போட்டுவிடுவாள். கடைசியாக ஒரு எண் சொல்வாள். அவ்வளவுதான்.

அந்த எண்தான் அவள். மீன் விற்றுப் பழகிய வாய், எதற்கும் பேரம் பேசும். ஷேர் ஆட்டோக்காரனோடு பேரம், டீக்கடையில் டம்ளர் நிறையவில்லை என்று பேரம், என்னோடு லீவு நாளுக்குப் பேரம். ஆனால் ஒரு தொட்டிக்கு எத்தனை மீன் என்று சொல்லிவிட்டால், அந்த ஒன்றில் மட்டும் ஒரு செதில்கூட இறங்க மாட்டாள். கேட்கிறவர் முகம் வாடுகிறதே என்று ஒன்று கூட்டிச் சொல்லத் தெரியாது. எனக்கு அவளிடம் ஆத்திரம் வந்ததும் இதில்தான், அவளை மறக்க முடியாமல் போனதும் இதில்தான்.

மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் இருந்தார், தென்காசிப் பக்கத்துக்காரர். ரெண்டடித் தொட்டி வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பன்னிரண்டு கோல்டு மீன் விட்டிருந்தார். தொட்டி கழுவப் போன அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"மூணு தங்கும்."

"ஏ யம்மா, பன்னெண்டும் விரக்கடை அளவுதான இருக்கு?"

"இன்னிக்கி வெரலு. வர்ற தீவாளிக்கி உங்கை அளவு வரும். அப்ப எங்க குந்தும்? உங்க கல்லாலயா?"

"சரி, ஆறு வச்சிக்கிடுதேன். கடை வாசல்ல நெறைவா இருக்கணும்லா?"

"மூணு."

"அஞ்சு. முடிச்சிக்க."

"இன்னா அண்ணாச்சி, மீன் செவுளாண்ட பேரமா? அது வுட்டுக் குடுக்காதே."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஒன்பது மீனை என் கடைக்கே திருப்பி அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்ற சரக்கைத் திருப்பி அனுப்ப வைக்கிற வேலைக்காரியை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? நான் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அவள் கழுவுகிற வீடுகளில் மீன் சாவதில்லை. மீன் சாகாத வீட்டுக்காரர்கள் அடுத்த தொட்டிக்கும் என்னிடம்தான் வந்தார்கள். அதற்கெல்லாம் என் கை ராசி என்று சொல்லிக்கொண்டேன்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். டிரம்மில் தண்ணீர் முகந்துகொண்டே சொன்னாள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் காலை, எதனாலோ தெரியவில்லை, ஆற்று முகத்தில் மடவை மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதாம். வலையே வேண்டியதில்லை, ஊர் முழுக்க அன்னக்கூடை எடுத்துக்கொண்டு ஓடியது. "எங்கூட்டுக்காரரு என்னையும் அள்ளச் சொன்னாரு. நான் ஒண்ண எடுத்து செவுளத் தொறந்தேன் நைனா. செவப்பு இல்ல. டீத்தூளு கலரு. வாணாம், விக்க வாணாம்னேன். மாமியாக்காரி முடியப் புடிச்சா. அன்னிக்கி ஊரே அள்ளிச்சி. நான் அள்ளல." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குழாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

எனக்கும் அவளுக்கும் நிஜமான தகராறு சக்கர் மீனால் வந்தது. சக்கர் என்றால் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்கிற கருப்பு மீன். அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்தோம். சக்கரைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். அது தொட்டியைச் சுத்தம் செய்கிறது, ஆகவே மீன் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் இன்னொரு சக்கரை விட்டால் போதும் என்று நினைத்தோம். எனக்குத் தெரிந்து மூவாயிரம் தொட்டிக்காவது அப்படித்தான் யோசனை சொல்லியிருப்பேன்.

"பெருக்க வர்றவனுக்கு வவுறு கெடயாதா நைனா?" என்றாள் அக்கா. "இந்தத் தொட்டிலயே கலீஜ் பண்றது அதான். பாரு, பின்னால எத்தினி நீட்டு வுட்டுகினு கீதுன்னு." பார்த்தேன். உண்மைதான், நூல் நூலாகத் தொங்கியது. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ தொட்டி கய்வு. கணக்கு நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இனிமேல் எழுதுவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

திருவொற்றியூரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா, தன் கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கும் ஹாலுக்குத் தொட்டி கேட்டார். ரெண்டரை அடிதான், சின்ன வேலை. ஆனால் அவருடைய தம்பி பெரிய கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க மீன் தொட்டி வைக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. டாக்டரம்மாவின் கிளினிக் தொட்டியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். ஊரில் வேறு எவனும் பதினாறு அடி கட்டியதில்லை. அதைக் கட்டிவிட்டால் என் பேர் நிற்கும் என்று எனக்குத் தூக்கமில்லை.

"ஊசி போட வர்ற பசங்க அழாம பாத்துட்டிருக்கணும். தொட்டி ஃபுல்லா இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. மோலி, ஏஞ்சல் என்று இருபத்தைந்து மீனும், மூன்று சக்கரும் விட்டேன். கழுவுகிற பொறுப்பு அக்காவுக்கு. மூன்றாம் நாள் விடியலில் கம்பவுண்டர் கதவைத் திறந்ததும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நேராக என் கடைக்கு வந்தாள்.

"நைனா, பதினேய எடுத்துரு."

"இருக்கறதே இருவத்தெட்டு!"

"அதான். பதினொண்ணு தங்கும். சக்கரு ஒண்ணு அதுல சேத்தி."

"யக்கா, அந்தம்மா தம்பி வெள்ளிக்கிழம வந்து பாக்கறாரு. தொட்டி ஓட்டையா நின்னா நல்லாவா இருக்கும்? பாஞ்சுல முடிச்சிக்கோ."

"பதினொண்ணு."

"பில்டரு பெருசா போட்டுக்கீறேன். மோட்டாரு ரெண்டு வெச்சிக்கீறேன்."

"கரண்டு நின்னா?"

"கரண்டு நின்னா ஊருக்கேதான நிக்கும்?"

"ஊருக்கு ஜன்னல் கீது நைனா."

பதில் இல்லாதபோது நான் கத்துவேன். "அந்தத் தொட்டில ஒரு மீன எடுத்த, நாளைலேர்ந்து இங்க வராத" என்று கத்தினேன். அவள் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மண்டபக்காரர் வருவதற்கு முன்னால் நான் இன்னும் நாலு ஏஞ்சலைக் கொண்டுபோய் விட்டேன். முப்பத்திரண்டு. தொட்டி தேர் மாதிரி இருந்தது. மண்டபக்காரர் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

அடுத்த வாரம் கத்திரி வெயிலில் ராத்திரி முழுக்க அந்தப் பக்கம் மின்சாரம் இல்லை. காலையில் கம்பவுண்டர் போன் செய்தான். நான் போனபோது ஹாலில் தடுப்பூசிக்கு வந்த தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு நின்றார்கள். தொட்டியின் மேல்பரப்பு முழுக்க வெள்ளை வயிறு. மூன்று சக்கர் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருந்தன.

"புள்ளைக்கு ஊசி போட வந்த எடத்துல இன்னாடி இது?" என்று ஒருத்தி முனகிக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி போனாள். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதுக்கு யார் பொறுப்பு?"

அந்த நேரம் பார்த்து வாசலில் அக்கா வந்து நின்றாள். கையில் வாளி, தோளில் குழாய். அன்றைக்குக் கழுவுகிற முறை. அவளைப் பார்த்ததும் என் வாயில் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நொடி யோசித்தேன். அந்த நொடியில் மண்டபத்துச் சுவர் முழுசாக என் கண்ணில் தெரிந்தது.

"தொட்டி கழுவறவங்க சாயந்தரத்துல கருவாடு விக்கிறவங்க மேடம். அந்தக் கையோட தண்ணில வுட்டுட்டாங்கபோல. உப்பு எறங்கிடுச்சி."

யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. எவ்வளவு லேசாக எல்லோருக்கும் அது பொருந்திப்போனது! டாக்டரம்மாவின் மூக்கு சுருங்கியது. "ஆமா மேடம், எனக்கு அன்னிக்கே வாடை வந்துச்சு" என்றான் கம்பவுண்டர். பக்கத்தில் நின்ற ஒரு தாய் தன் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். வாடை ஏது? அக்கா தொட்டியைத் தொடுவதற்கு முன்னால் முழங்கை வரைக்கும் புளி வைத்துத் தேய்த்துக் கழுவாமல் ஒருநாளும் தொட்டதில்லை. அதை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மீன் ஜாஸ்தி யம்மா. முப்பத்தி ரெண்டு வுட்டுக்கீறாரு. பதினொண்ணுதான் தங்கும்னு நான் அப்பவே சொன்னேன்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அதிகமா?"

"இந்தத் தொட்டி நாப்பது தாங்கும் மேடம்" என்றேன்.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். செத்த மீனை ஒவ்வொன்றாக எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, செய்தித்தாளில் வரிசையாக வைத்தாள். இருபத்தொன்பது. யாரும் அவளை நிறுத்தவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த மாதிரிப் பேச்சு ஒரு ஊரில் எத்தனை வேகமாகப் பரவும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு மாதத்தில் அவள் கழுவிக்கொண்டிருந்த வீடெல்லாம் நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை, அவர்களே நிறுத்தினார்கள். அண்ணாச்சி மட்டும் கொஞ்ச நாள் இழுத்தார். அப்புறம் அவரும், "என்ன செய்ய யம்மா, வீட்ல வேண்டாங்காவ. உங்கையில உப்பு இருக்குன்னு சொல்லுதாவ" என்று சொல்லிவிட்டாராம். அவரிடம் இருந்த மூன்று மீனும் கையகலம் வளர்ந்து நின்றன. அவள் சொன்ன அதே மூன்று.

கடைசியாக ஒருநாள் கடைக்கு வந்தாள். என்னுடைய கைவலையையும் குழாயையும் மேசைமேல் வைத்தாள். நான் அப்போது வெள்ளைப் புள்ளி நோய் கண்ட ஒரு தொட்டியில் கல்லுப்பு போட்டுக்கொண்டிருந்தேன். மீனுக்கு அந்த நோய் வந்தால் நாங்கள் எல்லோரும் செய்வது அதுதான். அவள் என் கையைப் பார்த்தாள்.

"நீ புடி புடியா போடற உப்புல சாவாத மீனு, நான் கய்வுன கைல கீற உப்புல சாவுமா நைனா?"

கை நிறைய உப்போடு நின்றேன்.

"பொயப்பு போச்சின்னு வரல. பொயப்பு கருவாட்ல பாத்துப்பேன். எங்கையால சாவலன்னு மட்டும் சொல்லிரு. அந்த டாக்டரம்மாவாண்ட போ. மீன் ஜாஸ்தி, அதான் செத்துச்சின்னு ஒரு வார்த்த. வேற ஒண்ணும் வாணாம்."

"அப்பால பாக்கலாம் யக்கா. இப்ப அந்த மண்டபத்து வேல முடிவாகற டைமு."

"எப்ப?"

"அப்பால."

அவள் பேரம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். நாளைக்கா, அடுத்த வாரமா என்று இழுப்பாள் என்று நினைத்தேன். படியிறங்கிப் போய்விட்டாள். நான் போய்ச் சொல்லவில்லை. அந்த மாதம் சொல்லவில்லை, அந்த வருஷம் சொல்லவில்லை, இருபது வருஷமாகச் சொல்லவில்லை.

மண்டபத்து வேலை கிடைத்தது. கட்டினேன். கண்ணாடியும் என் கைதான், ஒட்டும் என் கைதான், அதில் யாருக்கும் பங்கில்லை. ஆனால் மீன் விட்ட பிறகு தினமும் விடிவதற்கு முன்னால் போய் விளக்குப் போடாமல் அந்த இருட்டில் குந்தி உட்கார்ந்தேன். என் மூச்சை இழுத்து விட்டுச் செவுளை எண்ணினேன். மண்டபக்காரர் கேட்டதில் பாதிதான் விடுவேன் என்று அடம் பிடித்தேன். "நெறைய போடுங்க, நீங்கதான் நாப்பது தாங்கும்னு சொன்னவராச்சே" என்று கிண்டல் செய்தார். ஒன்றுகூடக் கூட்டவில்லை. சக்கரையும் எண்ணிச் சேர்த்தேன். அந்தத் தொட்டி இன்றுவரை நிற்பது அதனால்தான். அவளிடம் எடுத்ததை வைத்து நிறுத்தியிருக்கிறேன்.

நாலைந்து வருஷம் கழித்து ராயபுரத்தில் ஒரு புதுக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரப் பையன் ஒரு வாடிக்கையாளரிடம் கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தான், "வூட்ல கருவாடு தொட்ட கையோட மட்டும் தொட்டில கை வுட்டுறாதீங்க சார். ஒரே ராத்திரில அல்லாம் காலி." யார் சொன்னது என்று கேட்டேன். "இது தொழில்ல எல்லாருக்கும் தெரியுமே நைனா" என்று என்னையே தொழிலுக்குப் புது ஆள் மாதிரி பார்த்தான். நான் சிரித்துவிட்டு வந்தேன். சிரித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் சங்கம் வைத்த கண்காட்சியில் வாசலிலேயே ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தீர்கள். மீன் வளர்ப்போருக்குப் பத்து விதிகள். மூன்றாம் விதி: விளக்குப் போடும் முன் செவுளைக் கவனியுங்கள், எல்லா மீனும் வேகமாக மூச்சு வாங்கினால் தொட்டியில் மீன் அதிகம். அதற்குக் கீழே, மூத்த உறுப்பினரின் அனுபவக் குறிப்பு என்று என் பேர், என் போட்டோ. ஏழாம் விதி: கருவாடு, உப்புமீன் தொட்ட கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். அதற்குக் கீழே யார் பேரும் இல்லை.

மறுநாள் நெட்டுக்குப்பம் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அவள் மகள் உட்கார்ந்து கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா செத்து ரெண்டு வருஷமாகிவிட்டது என்றாள்.

"நீதான் அந்தத் தொட்டிக்கடையா?"

"ஆமாம்மா."

"எங்கம்மா உன்னப் பத்தி ஒண்ணும் பேசாது. கையத்தான் தேச்சிகினே இருக்கும். புளி போட்டு, சோப்பு போட்டு, எலுமிச்சம்பயம் போட்டு. சோறு துன்ன குந்துனா மொதல்ல கைய மோந்து பாக்கும். கருவாடு விக்கறவங்க கைல கருவாட்டு வாடதான வரும்? அப்டி மோந்து பாக்கும். கடசி வரிக்கும்."

நான் வாங்கிப் போன பழத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "சங்கத்துல வருஷா வருஷம் மலர் போடறாங்கம்மா. அதுல அக்கா பேரப் போடச் சொல்றேன். அந்தச் செவுள் கணக்கு அக்காவோடதுன்னு..."

மகள் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா பேரு உன் வாயில வரக்கூடாது. அந்தப் பேப்பர்லயும் வரக்கூடாது. அது செஞ்சது அதுக்குத் தெரியும். நீ செஞ்சதுக்கு உன் பேரப் போடு."

பிறகு குனிந்து வேலையைப் பார்த்தாள். பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். எடுத்துக்கொண்டு வந்தேன்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். நான் இத்தனை வருஷம் உறுப்பினன், இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. மூன்றாம் விதிக்குக் கீழே இருக்கும் என் பேரையும் போட்டோவையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். வேறு எவன் பேரையும் அங்கே எழுதாதீர்கள். ஏழாம் விதியை எடுக்க வேண்டாம். எடுத்துவிட்டால் அது நிஜம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதை மலரில் அப்படியே அச்சடித்து, மேலே ஒரு கோடு கிழித்து, இது பொய் என்று எழுதுங்கள். அந்தத் தொட்டியில் முப்பத்திரண்டு மீன் இருந்தது, பதினொன்றுதான் தங்கும் என்று எழுதுங்கள். இந்தப் பொய்யை யாரிடமும் கேட்டு நான் சொல்லவில்லை. நானே செய்தேன், தனியாகச் செய்தேன், என் தொட்டிகளைப் போலவே அதுவும் இத்தனை வருஷம் ஒழுகாமல் நிற்கிறது. அதன் கீழே என் பேரைப் போடுங்கள். மண்டபத்துத் தொட்டியைக் கட்டியவன் என்று போடுவீர்களே, அதே அளவு எழுத்தில்.